ஆறாம் மாத அழைப்பு

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
வேலையில் இருக்கிறார்.
வேலையை விட்டுவிட்டார்.
தொடர்பில் இல்லை.
இருபத்தாறு பெயர்களுக்கும் டிக் அடிக்க வேண்டும்
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்.

தண்டையார்பேட்டை, மாவு மில்லுக்கு மேல்மாடி.
கீழே மிளகாய் அரைத்தால்
மேலே வகுப்பே தும்மும்.
அந்தத் தும்மலோடுதான்
செம்புக் குழாய் வளைக்கக் கற்றார்கள்,
பற்றவைத்த இடத்தில் சோப்பு நுரை தடவி
குமிழி வருகிறதா என்று
மூச்சைப் பிடித்துப் பார்க்கக் கற்றார்கள்.
வராவிட்டால் பாஸ்.

முதலில் டில்லிபாபு.
"வேலைல கீறியாப்பா?"
"கீறேங்க்கா. ஏணி மேல கீறேன். அப்பால பேசறேன்."
பின்னால் யாரோ ஸ்பானர் கேட்கிறார்கள்.
முதல் கட்டத்தில் டிக்.
எல்லாரும் இப்படி ஏணி மேலேயே இருந்துவிட்டால்
எனக்கு வெள்ளிக்கிழமை வரை வேலையே இல்லை.

ஜோஸ்வா விட்டுவிட்டான்.
கொருக்குப்பேட்டை கேட்.
ஒரே வாரத்தில் மூன்று நாள்
சரக்கு ரயில் வந்து நின்றுவிட,
சைக்கிளைப் பிடித்தபடி
பெட்டிகளை எண்ணியிருக்கிறான்
ஐம்பத்தெட்டு வரை.
கிண்டியில் இருக்கும் சூப்பர்வைசருக்கு
"கேட்டு போட்டாங்க சார்" புரியவில்லை.
காரணத்துக்கென்று படிவத்தில் ஒரு பட்டியல் உண்டு.
அதில் 'ஆர்வமின்மை' இருக்கிறது.
'கேட்' இல்லை.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்.

ரிஸ்வானாவின் எண் இப்போது
காசிமேட்டில் ஒரு மீன் ஏலக்காரரிடம்.
"எந்தப் பொண்ணு? எந்தப் பொண்ணு?" என்று
சத்தத்துக்கு நடுவே கத்தினார்.
கேட்டதற்கு வஞ்சிரம் விலையையாவது சொல்வோமென்று
அதைச் சொல்லிவிட்டு வைத்தார்.

யுவராணிக்கு அழைக்க மட்டும் விரல் தயங்கியது.
வியாசர்பாடி என்று அவள் எழுதப்போன இடத்தில்
"பெரம்பூர்னு போட்டுக்கோ" என்றவள் நான்தான்.
பக்கத்துப் பக்கம்தானே,
பின்கோடை யார் பார்க்கிறார்கள் என்றேன்.
அவள் பேனாவை மூடி வைத்தாள்.
"இன்னாக்கா, ஏசி என்னா
ஏரியா பாத்தா கூலாவுது?"
பிறகு வியாசர்பாடி என்றே எழுதினாள்,
கொஞ்சம் பெரிய எழுத்தில்.
மூன்று நிறுவனங்கள் கூப்பிடவில்லை.
நான்காவது கூப்பிட்டது.

இன்று அவள் குரலைச் சுற்றி
பேருந்து இரைச்சல்.
ட்ரெய்னி என்பதை எடுத்துவிட்டார்களாம்.
முதல் முறையாக பி.எஃப். பிடித்தார்களாம்.
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் குறைந்ததும்
பிள்ளை காசில் கை வைத்தவன் எவன் என்று
அவள் அம்மா ஆபீஸுக்கே கிளம்பிவிட்டாராம்.
"அது எனுக்குத்தாம்மா, பின்னால வரும்னு சொல்லி
ஒக்கார வெக்கறதுக்குள்ள..."
சிரிக்கிறாள்.
அந்த வீட்டில் இதுவரை
பின்னால் என்றால்
நாளைக் காலை தண்ணி லாரி.
அதற்கும் பின்னால் எதுவும்
பிடித்துவைக்கப்பட்டதில்லை.

அண்ணா நகரில் ஒரு வீட்டு வாசலில்
அவள் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்களாம்.
முகவரி பின்பக்கம்தான் இருக்கிறது.
"பாத்துட்டு?"
"பாத்துட்டு இன்னா. அவங்களுக்கு வேர்க்குதில்ல.
உள்ள வுட்டாங்க."

டிக்.

வைக்கப்போகும்போது கேட்டாள்:
"நீ கீறியாக்கா?"
எங்கே என்றேன்.
"வேலைலதான்."

என்னுடையது பதினோரு மாத ஒப்பந்தம்.
நான்கு முறை புதுப்பித்தாயிற்று.
பன்னிரண்டாம் மாதம்
நான் வேலையில் இல்லை என்று
காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
வேலைக்கு வருவேன்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
என்னைக் கூப்பிட்டுக் கேட்கும் படிவம்
எந்த மேசையிலும் இல்லை.

"கீறேண்டி" என்றேன்.

சோப்பு தடவிய இடத்தைப் பார்ப்பவள் போல
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
பேசாமல் இருந்தாள்.
பிறகு,
"சரிக்கா, ஸ்டாப்பிங் வந்துடுச்சு."

கீழே மில் ஓடத் தொடங்கியது.
இன்னும் இருபத்திரண்டு பெயர்கள்.